காலேபின் வயதும் பர்சிலாவின் வயதும்



இந்த வாரத் தியானத்தை ஒரு பாவ அறிக்கையோடுதான் தொடங்கவேண்டியிருக்கிறது. ஆலோசனை தேடி வருகிற வாலிபருக்கும் பெற்றோருக்கும் "முதலில் கேளுங்கள், பிறகு பேசுங்கள்" என்று இருபத்தாறு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். ஆனால் என் பால்ய நண்பன் தன் மனதிலிருந்த ஒரு காரியத்தைத் திறந்தபோது, அவன் பேசி முடிப்பதற்குள் நான் பிரசங்கம் செய்துவிட்டேன். அந்தப் பிரசங்கம் சரியானதாகவும் இல்லை.

என் சிறுபிராயம் ஸ்ரீமுஷ்ணத்தில் கழிந்தது என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். என் தகப்பனார் அங்கே கம்பவுண்டராக இருந்தார். பூவராகப் பெருமாள் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் வாடகை வீடு. கிறிஸ்தவக் குடும்பங்கள் அக்காலத்தில் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவை. பள்ளியில் நாங்கள் மூவர் எப்போதும் ஒன்றாகவே திரிவோம்: சந்நிதித் தெருவிலிருந்த வைணவ வீட்டுப் பிள்ளை ஒருவன், நெல் மில்லில் கணக்கு எழுதியவரின் மகனாகிய கிறிஸ்தவப் பிள்ளை ஒருவன், மூன்றாவது நான். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குச் செல்வதும், அங்கே இஸ்லாமியர் அவரை வரவேற்று மரியாதை செய்வதும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் மூவரும் வீட்டில் சொல்லாமல் அந்தக் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கி, கடல்வரைக்கும் போய்விட்டோம். திரும்பி வந்தபோது யாருக்கு அடி அதிகம் விழுந்தது என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தீரவில்லை.

அந்த நினைவாகவே, மாசி மகம் முடிந்த வாரத்தில் ஒரு நாள் சந்நிதித் தெரு வீட்டுத் திண்ணையில் மூவரும் கூடுவது எங்கள் வழக்கம். இந்த ஆண்டும் கூடினோம். அவர்கள் இருவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். பால்ய சிநேகமானதால் அவன், இவன் என்றே எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சந்நிதித் தெரு நண்பன் அரசுப் பள்ளியில் தமிழாசிரியன். திருமணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லுவான்; எனக்கே இதுவரை நான்கு காரணங்கள் சொல்லியிருக்கிறான். அவனுடைய தாயார் போன ஆண்டு காலமானார்கள். முதுமையை அவன் கோடை விடுமுறையைப்போல எதிர்பார்த்துக் காத்திருக்கிறான். ஓய்வு பெறும் வயதைத் தமிழ்நாடு அரசு 58இலிருந்து 2020இல் 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியபோது, அதற்காக வருத்தப்பட்ட ஒரே ஆசிரியனை நான் அறிவேன். "ரெண்டு வருஷத்தைப் பிடுங்கிட்டாங்களேடா" என்றான்.

மற்றவன் விருத்தாசலத்தில் உரக்கடை வைத்திருக்கிறான். அவனுடைய மனைவி மூன்று ஆண்டுகளுக்கு முன்பு புற்றுநோயில் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பெங்களூரில், இளையவள் சிங்கப்பூரில். இவனுக்கு வயதாவதில் சம்மதமே இல்லை. விடியற்காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பான். விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணத்துக்கு இன்னமும் மோட்டார் சைக்கிளில்தான் வருவான். மாதம் இரண்டு முறை தலைக்குச் சாயம்.

இவர்களுக்கு நடுவில் நான். வயது 57. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று. நரைமயிர் மகிமையான கிரீடம் என்று பிரசங்கபீடத்தில் சொல்லுகிறவன், முடிவெட்டுகிற கடையில் துணியின்மேல் விழுகிற வெள்ளையைப் பார்க்கும்போது கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொள்ளுகிறேன். இதையும் அறிக்கையிட்டுவிடுகிறேன்.

அன்றைக்கு வெயில் கடுமை. சாயம் வேர்வையில் கரைந்து நெற்றியோரம் ஒரு கோடாக இறங்கியது. ஆசிரியன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். "பிசிராந்தையாருக்கு மை தேவைப்படலை, தெரியுமாடா?" என்று ஆரம்பித்தான். புறநானூற்றில் வருகிற அந்தப் புலவரைப் பற்றி நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். கோப்பெருஞ்சோழனை முன்பின் பாராமலே நட்புக்கொண்டு, அவன் வடக்கிருந்து உயிர்விட்டபோது தேடிவந்து தானும் உயிர்விட்டவர். இத்தனை வயதாகியும் உமக்கு நரையில்லாதது எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடையை எங்கள் ஆசிரியன் வகுப்பில் சொல்லுவதுபோலச் சொன்னான். குணம் நிறைந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், மனமறிந்து நடக்கும் ஏவலர், நீதி தவறாத அரசன், அதற்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் வாழ்ந்த சான்றோர் பலர். ஆகையால் கவலை இல்லை. கவலை இல்லாததால் நரையும் இல்லை.

உரக்கடைக்காரன் சிரிப்பான் என்று நான் நினைத்தேன். அவன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "வரிசையில முதல்ல யாரைச் சொன்னாரு?"

"மனைவியை."

"அதாண்டா" என்றான். சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, தான் மறுமணம் செய்துகொள்ள இருப்பதாகச் சொன்னான். கடலூரில் செவிலியராக வேலை செய்கிற 52 வயது அம்மையார். கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன், வேலைக்குப் போய்விட்டான். மூத்த மகளிடம் சொல்லியாகிவிட்டது, இளையவளிடம் இன்னும் சொல்லவில்லை. "நீதான்டா நடத்தி வைக்கணும்" என்று என்னைப் பார்த்தான்.

அன்பானவர்களே, நான் அப்போது என்ன சொல்லியிருக்கலாம்! "அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?" என்றாவது கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, 58 வயதில் இது தேவையா என்பதை நேரடியாகச் சொல்லத் துணிவில்லாமல், சபைச் சரித்திரத்திற்குள் புகுந்துகொண்டேன். 1750ஆம் ஆண்டு 23 வயது வாலிபனாக நம்முடைய கடலூரில் வந்து இறங்கின சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிச் சொன்னேன். 48 ஆண்டுகள் தமிழ்நாட்டில் ஊழியம் செய்து, திருமணமே இல்லாமல், கர்த்தர் ஒருவரையே துணையாகக்கொண்டு 1798இல் தஞ்சாவூரில் மரித்தார் என்றேன். புதிதாய் வருகிற மிஷனெரி மணமாகாதவனாய் வந்து முதலில் மொழியைக் கற்கவேண்டும் என்பது அவருடைய கருத்து என்பதையும் சேர்த்தேன். இந்த வயதில் நமக்குத் தேவனுடைய துணை போதாதா என்று முடித்தேன். என் குரல் பிரசங்கபீடத்தின் குரலாகவே மாறிவிட்டது என்பது எனக்கே கேட்டது.

அவன் பதில் பேசவில்லை. சற்று நேரம் உர விலையைப் பற்றிப் பேசினான். பிறகு எழுந்து, "நேரமாச்சு, கடையில ஆள் இல்ல" என்று வண்டியை எடுத்தான். ஒவ்வோர் ஆண்டும் பிரியும்போது "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுடா" என்று என்னிடம் கேட்பான். ஆசிரியனும் கூடத் தலைகுனிந்து நிற்பான். அன்றைக்கு அவன் கேட்கவில்லை.

வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகு ஆசிரியன் சொன்னான்: "நல்லாத்தான் பேசுறே. ஆனா அவன் ஒன்கிட்ட பொழிப்புரை கேக்கல."

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நான் செய்தது சரி என்று அவள் சொல்லுவாள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை. அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சுவார்ட்ஸ் ஐயருக்குச் சோறு பொங்கிப் போட்டது யாரு?" என்று கேட்டாள்.

"அதுவா இப்போது முக்கியம்?" என்றேன்.

"சாப்பிட உக்காரும்போது எதிர்ல யாராவது இருந்தாங்களான்னு கேக்குறேன்" என்றாள். பிறகு, அதே குரலில், "நான் முதல்ல போயிட்டா நீங்க யாரோட சாப்பிடுவீங்க?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. கீழ்ப்பாக்கத்துக் குருகுலக் கல்லூரியில் இறையியல் படித்த நாள்களிலிருந்து என்னோடு ஊர் ஊராகப் பயணப்படுகிற சபைச் சரித்திரப் புத்தகங்களை அன்றிரவு பரணிலிருந்து இறக்கினேன். அடுத்த பல இரவுகள் அவற்றோடே கழிந்தன. தேர்வுக்காகப் படித்த ஆண்டுகளையும் பெயர்களையும், இப்போது வேறொரு கேள்வியோடு படித்தேன். இந்த மனிதர்கள் எப்படி முதுமையடைந்தார்கள்? அப்போது அருகில் யார் இருந்தார்கள்?

1750 ஜூலையில் கடலூரில் வந்து இறங்கினவர்கள் மூன்று வாலிபர். நாங்கள் மூவரும் கிள்ளைக் கடற்கரையில் நின்றதுபோல, அவர்கள் மூவரும் கடலூர்க் கரையில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அவர்களில் போல்ட்சன்ஹாகன் என்பவருக்கு முதுமையே கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகளில் நிக்கோபார் தீவில் இறந்துபோனார். ஹுட்டமன் கடலூரிலேயே தங்கி, 1781இல் தம் மரணம்வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஊழியம் செய்தார். மூன்றாமவர்தான் சுவார்ட்ஸ்.

திருச்சிராப்பள்ளியில் அவர் இருந்த நாள்களை நேரில் கண்ட ஓர் ஆங்கிலேயர் எழுதிவைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் கட்டில் போடுகிற அளவுக்கே ஓர் அறை. நம்முடைய முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும் ஆகாரம். அதை மலர்ந்த முகத்தோடு உண்பார். இது என் மனைவியின் கேள்விக்குப் பாதி விடை. மீதி விடை தஞ்சாவூரில் கிடைத்தது.

தரங்கம்பாடியில் அவருக்கு மூத்தவராகிய கோல்ஹாஃப் ஐயர் என்ற நண்பர் இருந்தார். அவர் 1737இல் வந்தவர், குடும்பஸ்தர். 1762இல் பிறந்த அவருடைய மகன் யோவான் காஸ்பரை சுவார்ட்ஸ் தம்மோடு வைத்துக்கொண்டு, படிப்பித்து, ஊழியத்துக்குப் பயிற்றுவித்தார். தகப்பன் தம் ஊழியத்தின் ஐம்பதாம் ஆண்டில் இருந்த 1787இல், அந்த மகன் குருப்பட்டம் பெற்றான். மணமான நண்பனின் பிள்ளை, மணமாகாத நண்பனுக்கும் பிள்ளையானான். அது மாத்திரமா? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனாக அவர் அழைத்துவந்த வேதநாயகம், நாம் இன்றைக்கும் பாடுகிற கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் ஆனார். துளஜா மன்னர் தம் சுவீகார புத்திரனாகிய சரபோஜியின் பாதுகாப்பை அவரிடமே ஒப்புவித்தார். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்து ஆலயத்தில் ஃபிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: படுக்கையில் கிடக்கிற கிழவரின் கையை அந்த இந்து இளவரசர் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலைமாட்டில் நிற்பவர் கெரிக்கே ஐயர். அவரும் நம்முடைய கடலூரில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர்.

சுவார்ட்ஸின் கடைசி மாதங்கள் சுகமானவையல்ல. காலில் புண், தாங்கமுடியாத வேதனை. அவர் மூச்சு நின்றுவிட்டதென்று எண்ணி கெரிக்கே ஒரு ஞானப்பாட்டைப் பாடத் தொடங்க, இறந்துவிட்டதாக நினைக்கப்பட்டவர் கண்ணைத் திறந்து கூடச் சேர்ந்து பாடினார் என்று சொல்லிவருகிறார்கள். இந்தச் சம்பவத்தை நானே இரங்கல் ஆராதனைகளில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொன்ன ஒருமுறையாவது, அந்தப் பாட்டை ஆரம்பிக்க அங்கே இன்னொரு மனிதன் இருந்தான் என்பதை நான் கவனித்ததில்லை. என் நண்பனிடம் தனிமைக்கு எடுத்துக்காட்டாக நான் நிறுத்திய மனிதரின் வீடு, இந்தக் கரையோரத்திலேயே ஆள்நடமாட்டம் மிகுந்த வீடுகளில் ஒன்றாக இருந்திருக்கவேண்டும். இரவு ஒன்பது மணிக்கு உரக்கடையைப் பூட்டிவிட்டு வீட்டைத் திறக்கிற மனிதனுக்கு அவரைக் காட்டி, போதாதா என்று கேட்டேனே!

மறுமணத்துக்கும் அந்தக் கூட்டத்தில் ஒரு சாட்சி உண்டு. கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்த சுவீடன் தேசத்துக் கியர்னாண்டர். 1758இல் பிரெஞ்சுக்காரர் கடலூரைப் பிடித்துக்கொண்டபோது எல்லாவற்றையும் விட்டு, அவ்வாண்டிலேயே கல்கத்தா போய்ச் சேர்ந்தார். 1761இல் மனைவி இறந்தார்கள். அடுத்த ஆண்டே செல்வமுள்ள ஒரு விதவையை மணந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். நானாக இருந்தால் அவரிடமும் சரித்திரம் பேசியிருப்பேன். அவரோ பெரும்பாலும் தம் சொந்தப் பணத்தில் அங்கே ஓர் ஆலயத்தைக் கட்டினார். 1770இல் அது பிரதிஷ்டையாயிற்று. அந்த அம்மையாரும் 1773இல் இறந்தபோது, தம் நகைகளைப் பள்ளிக்கூடம் கட்ட விட்டுச்சென்றார்கள். பின்னாளில் செல்வம் எல்லாம் கரைந்தது. 1787இல் கடன்காரர் அந்த ஆலயத்தையே கைப்பற்ற வந்தார்கள். சார்ல்ஸ் கிராண்ட் என்பவர் பத்தாயிரம் ரூபாய் கொடுத்து அதை மீட்டார். கியர்னாண்டர் எளிய நிலையில் 1799இல், 88ஆம் வயதில் இறந்தார்.

பெப்ரிசியஸ் ஐயரை நினைத்தால்தான் எனக்கு மனம் கலங்குகிறது. அவரும் 1740இல் வந்தவர். மணம் செய்துகொள்ளவில்லை. வேப்பேரியில் உட்கார்ந்து, தமிழ் வேதாகமத்தை மறுபடி மறுபடி திருத்தினார். நம் தாத்தாக்கள் வாசித்த மொழிபெயர்ப்பின் அடியில் அவருடைய உழைப்பு கிடக்கிறது. தமிழ் ஆங்கில அகராதி ஒன்றையும் 1779இல் வெளியிட்டார். அப்படிப்பட்டவர் முதுமையில் பணக் காரியங்களில் சிக்கி, கடனுக்காகச் சிறையிலும் அடைபட்டார். 1788இல் கெரிக்கே வேப்பேரிக்கு வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில், எண்பது வயது நிறைந்த சமயத்தில், பெப்ரிசியஸ் ஐயர் காலமானார். சுவார்ட்ஸின் கட்டிலருகில் நின்ற அதே கெரிக்கேதான் இங்கும். மணமாகாத இரண்டு பேரில் ஒருவர் கையை இளவரசர் பிடித்திருக்க, மற்றவர் கடன்காரருக்குப் பயந்து கிடந்தார்.

பரண் புத்தகங்களை மூடிவிட்டு வேதத்தைத் திறந்தேன். முதலிலேயே அதைத் திறந்திருக்கவேண்டும் என்று நீங்கள் நினைப்பது எனக்குப் புரிகிறது.

யோசுவாவின் புஸ்தகத்தில் காலேப் வருகிறான். வயது 85. நாற்பது வயதில் இருந்த பெலன் இன்றைக்கும் இருக்கிறது, ஏனாக்கியர் இருக்கிற அந்த மலைநாட்டை எனக்குத் தாரும் என்று கேட்கிறான். இந்தக் காலேபைக் குறித்து நான் எத்தனை முறை பிரசங்கித்தேன் என்று என் குறிப்பேடுகளை எண்ணிப்பார்த்தேன், பதினொரு முறை. இரண்டாம் சாமுவேலில் பர்சிலா வருகிறான். வயது 80. தாவீது ராஜா எருசலேமுக்கு என்னோடு வா, உன்னைப் பராமரிக்கிறேன் என்று அழைக்கிறான். பர்சிலாவோ, எனக்கு இனி ருசி தெரியாது, பாடகரின் சத்தம் கேளாது, உமக்கு நான் பாரமாக இருப்பானேன், என் தாய்தகப்பன் கல்லறை இருக்கிற என் ஊரிலே நான் மரிக்கவிடும் என்று சொல்லி, தனக்குப் பதிலாக வாலிபனாகிய கிம்காமை அனுப்புகிறான். பர்சிலாவைக் குறித்து ஒருமுறைகூட நான் பிரசங்கித்ததில்லை. முதியவர் என்றால் மலையைக் கேட்கவேண்டும், ஊரில் இருக்கிறேன் என்று சொல்லக்கூடாது என்று நானே முடிவுசெய்துகொண்டிருந்தேன் போலும். ஆனால் மலையைக் கேட்கிற ஒருவன் என் எதிரில் சாயம் வழிய உட்கார்ந்தபோது, அவனைப் பர்சிலாவாக இரு என்று அதட்டினேன். என் ஆசிரிய நண்பனோ பிறவிப் பர்சிலா. அவனை யாரும் எதுவும் அதட்டவேண்டியதில்லை.

திருமணத்தைக் குறித்தும் அப்படியே. சாராளை அடக்கம்பண்ணின பிறகு ஆபிரகாம் கேத்தூராளை மணந்தான், பிள்ளைகளும் பிறந்தார்கள். ஆதியாகமத்தில் அந்த இடம் வரும்போது பெயர்ப்பட்டியல்தானே என்று வேகமாகக் கடந்துவிடுவேன். தேவாலயத்து அன்னாளோ, புருஷனோடு ஏழு ஆண்டுகள்தான் வாழ்ந்தவள், எண்பத்துநாலு வயதளவும் விதவையாய் உபவாசித்து ஜெபித்தாள். அவளிடத்தில் மாத்திரம் மெதுவாக நிற்பேன். நம் சபையில் கணவரை இழந்த சகோதரிகளுக்கு நான் எப்போதும் கொடுக்கிற எடுத்துக்காட்டு அன்னாள்தான். ஒருத்திக்காவது, வேறு நினைவு உண்டா என்று கேட்டதில்லை. விதவையானவள் கர்த்தருக்குட்பட்டவனாகிய எவனையாகிலும் மணந்துகொள்ள விடுதலையுள்ளவள் என்ற பவுலின் போதனையை விதவைகளின் கூட்டத்தில் நான் எடுத்துப் பேசினதே இல்லை.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்லுகிறேன். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி நாம் எழுதுகிற பதிவேட்டில், மணமக்களின் வயதுக்குப் பக்கத்தில் அவர்களுடைய நிலை என்று ஒரு கட்டம் உண்டு. மணமாகாதவரா, துணையை இழந்தவரா என்று அங்கே எழுதவேண்டும். நான் ஊழியம் செய்த சபைகளின் பதிவேடுகளில் என் கையெழுத்தில் "மனைவியை இழந்தவர்" என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது. "விதவை" என்பது இரண்டே இடத்தில். கட்டத்தைச் சட்டம் 1872இலேயே போட்டுவைத்துவிட்டது. அதில் எழுதத் தயங்கினவர்கள் நாம்தான். மனைவியை இழந்தவன் ஆறு மாதத்தில் பெண் தேடினால், பாவம், சமைக்க ஆள் வேண்டாமா என்கிறோம். அந்தக் கடலூர் அம்மையாருக்குப் பதினோரு ஆண்டுகளாக யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் நண்பனுக்கு நான் சொன்ன பிரசங்கம் அவர்களுடைய காதில் விழுந்திருந்தால் எப்படியிருந்திருக்கும் என்று நினைக்கும்போது இன்னும் வெட்கமாயிருக்கிறது.

ஒரு வாரம் கழித்து விருத்தாசலம் போனேன். பேருந்து ஸ்ரீமுஷ்ணம் வழியாகப் போகிறதுதான். ஆசிரியனும் அங்கே ஏறிக்கொண்டான். நான் அழைக்கவில்லை, அவனே வந்தான். கடையில் யூரியா மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்களைக் கண்டதும் நண்பன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்தானே தவிர, முன்னால் வரவில்லை. நான் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "அவங்க எப்படிடா இருக்காங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் என்னைச் சற்றுநேரம் பார்த்தான். "சர்க்கரை போடாமதான் காப்பி குடிப்பாங்க" என்றான். அதன்பின் அரைமணி நேரம் அவர்களைப் பற்றியே பேசினான். இடையே, இறந்துபோன மனைவியைப் பற்றியும் பேசினான். மூன்று ஆண்டுகளாக அந்தப் பெயரை யாரும் தன் எதிரில் எடுப்பதில்லையாம். முதன்முதலாக எடுத்துப் பேசினவர்கள் இந்த அம்மையார்தானாம். அவர்களும் தம் கணவரைப் பற்றிச் சொல்லுவார்களாம். "நாலு பேரா உக்காந்து பேசுற மாதிரி இருக்கும்டா" என்றான்.

ஆசிரியன் அதுவரை பேசாமல் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தான். திருமணப் பதிவேட்டில் சாட்சிகள் இருவர் வேண்டும் என்று நான் சொன்னபோது, ஒருவன் நான்தான் என்றான். கிறிஸ்தவனாக இருக்கவேண்டுமா என்று கேட்டான். நம்பத்தக்க சாட்சியாக இருந்தால் போதும் என்றேன். "அப்படின்னா என்னை விட்டா இந்தக் கடைத்தெருவுலயே ஆள் இல்ல" என்றான். மூவரும் சிரித்தோம். பிரியும்போது நண்பன் தலைகுனிந்து நின்றான். நான் ஒரு வார்த்தை ஜெபித்தேன்.

அவன் தலையைக் குனிந்தபோதுதான் பார்த்தேன்: உச்சியில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெள்ளை முளைத்திருந்தது. சாயம் போடுவதை அவன் நிறுத்திவிட்டான். அந்த அம்மையார் வேண்டாம் என்றார்களாம்.

அடுத்த ஞாயிறு முதல் கடலூரில் அவர்களுடைய சபையில் திருமண அறிவிப்பு வாசிக்கப்படும். மூத்த மகள் வருகிறாள். சிங்கப்பூரிலுள்ள இளைய மகள் மட்டும் செய்தி கேட்ட நாள்முதல் தகப்பனோடு பேசவில்லை. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான். அதனால் அவளுக்கு எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்திருக்கிறது. இதுவரை மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். மூன்றும் பிரசங்கமாகவே போய்விட்டன. நேற்று நான்காவதை எழுத உட்கார்ந்தபோது என் மனைவி பக்கத்தில் வந்து, "முதல்ல அவ அம்மாவைப் பத்தி எழுதுங்க" என்றாள். அங்கேயிருந்து தொடங்கியிருக்கிறேன்.